ரயிலில் சொன்னதும் வீட்டில் கேட்டதும்

காதல் படங்களில் கல்யாணத்துக்குக் கேட்கிற காட்சி என்றதும் திருநெல்வேலியில் நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் சொல்வது ‘அலைபாயுதே’ ரயிலைத்தான். 2000 ஏப்ரலில் வந்த மணிரத்னம் படம். உன்னை விரும்பவில்லை, உன்மேல் ஆசைப்படவில்லை என்று ‘இல்லை’களாக அடுக்கிக்கொண்டே போகும் மாதவன், ஆனால் இதெல்லாம் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று ஷாலினியிடம் முடிப்பார். புறநகர் ரயிலே இல்லாத நம்ம ஊரில் அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு செந்தூர் பாசஞ்சரில் ஒத்திகை பார்த்த பையன்கள் உண்டு.

ஆனால் அந்தப் படத்தின் கதை ரயிலில் திரும்பவில்லை. பையனின் அப்பா அம்மா பெண் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார்களே, அங்கேதான் திரும்புகிறது. வக்கீல் வீட்டு வசதியும் ரயில்வே ஊழியர் வீட்டு ரோஷமும் ஒரே கூடத்தில் உட்கார, பேச்சு தடித்து, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதற்குப் பிறகுதான் ரகசியக் கல்யாணம். அந்த ரகசியம் உடைவதும் இன்னொரு பெண் பார்க்கும் சடங்கில்தான்: அக்காவைப் பார்க்க வந்தவர்கள் தங்கையைத் தங்கள் இளைய மகனுக்குக் கேட்கிறார்கள், தங்கை வாயைத் திறக்கவேண்டியதாகிறது. ரயிலில் கேட்ட கேள்விக்குப் பெண்ணிடம் பதில் கிடைத்துவிட்டது. வீட்டில் கேட்ட கேள்விக்குக் கிடைக்கவில்லை. படம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

தமிழ்ப் படங்களில் நினைவில் நிற்கிற கல்யாணக் கேள்விகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்தான் கிடக்கிறது. எப்படிக் கேட்பது என்பது சின்ன விஷயம். யாரிடம் கேட்பது என்பதுதான் பெரிய விஷயம். ஹாலிவுட் காட்சிக்கு இரண்டு பேர் போதும். 1989-இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’யில் புத்தாண்டு இரவில் ஒருவன் ஓடிவந்து தன் மனதைக் கொட்டுகிறான், அவள் சரி என்றால் படம் முடிந்தது. சுற்றி நிற்கிறவர்கள் வெறும் கூட்டம். நம்ம படத்தில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் உண்டு: தாய்மாமன், பெரியப்பா, மதினி, பக்கத்து வீட்டு ஆச்சி. அவர்களிலும் யாராவது சரி என்று சொல்லியாக வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் பெண் கேட்கப் போகிறவர்கள் நேரடியாகக் கேட்பதில்லை. “திருச்செந்தூர் போற வழியில, அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு வந்தோம் அண்ணாச்சி” என்றுதான் பேச்சு தொடங்கும். இதைச் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் திருச்செந்தூர் அந்த வழியிலேயே இல்லை என்று தெரியும். மழை, வாழைத்தார் விலை, யாருக்கு எந்த ஊரில் வேலை மாற்றல் என்று சுற்றி வளைத்து, கடைசியில் வயதில் மூத்த ஒருவர் விஷயத்தைத் தொடுவார். பேசி முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பித்தண்ணி மட்டும் குடிக்கலாமா கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு சட்டம் மாறும். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பிடிக்கவில்லை என்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. “கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்” என்பார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள். பிடித்திருந்தால் நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பூ வைப்பார்கள். இத்தனை பேச்சிலும் கட்டிக்கொள்ளப்போகிற இரண்டு பேரும் வாய் திறக்க வாய்ப்பு கிடைப்பது அருமை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னும் ஒரு படி இருக்கிறது. நாசரேத், மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டைப் பக்கத்துக் கோவில்களில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஞாயிறு ஆராதனையில் சபை முழுவதையும் கேட்பது. சரி, இதெல்லாம் வேண்டாம், பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்றால், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமும் அதையே செய்கிறது: அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டி, 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்கச் சொல்கிறது. அரசாங்கம்கூட ஊரைக் கேட்காமல் விடுவதில்லை. நம்ம காதல் படங்கள் ஏன் இவ்வளவு நீளம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் காட்சிகளுக்கு மூலம் தேடுகிறவர்கள் உடனே ஆங்கிலப் படங்களைக் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மூலம் இங்கேயே, தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் இருக்கிறது. 1867-இல் அங்கே பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் தென்மாவட்டங்களில் கோவில் கொடைத் திருவிழா தோறும் விடிய விடிய நடந்தது, இன்னும் நடக்கிறது. தினைப்புனம் காக்கிற பெண்ணிடம் முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறான், அவள் அப்பா வரும்போது வேங்கை மரமாக நிற்கிறான், அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அவள் மசியவில்லை. வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கிற தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். வள்ளி வேஷக்காரி மடக்க, முருகன் வேஷக்காரர் திணற, விடியற்காலை மூன்று மணிக்கும் கூட்டம் எழுந்திருக்காது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இரண்டே வருஷத்தில், 1933-இல், டி. பி. ராஜலட்சுமி நடித்து ‘வள்ளி திருமணம்’ படமாகிவிட்டது. நாயகியைத் தொடர்ந்து போய் வம்பளப்பது, மாறுவேஷம் போடுவது, அவள் எதிர்வாதம் செய்வது, கடைசியில் ஒரு ஆபத்தில் அவள் மனம் மாறுவது என்று நாம் சினிமாத்தனம் என்று சொல்கிற அத்தனையும் அந்த மேடையில் ஏற்கெனவே இருந்தவை.

கிழவன் வேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் ரவிச்சந்திரனுக்குப் பெண் கிடைக்கவேண்டும் என்றால் பணக்கார அப்பா ஒருவர் வேண்டும். அதற்காக நண்பன் முத்துராமன் நரைமுடி ஒட்டிக்கொண்டு அப்பாவாக வந்து உட்காருகிறார். எதிரே டி. எஸ். பாலையா. அவர் பெயரின் முதல் எழுத்திலேயே திருநெல்வேலி இருக்கிறது. பணக்காரச் சம்பந்தி என்று தெரிந்ததும் அவர் உடம்பு குழைகிற விதத்தைப் பாருங்கள். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் இருக்கிற மனிதரின் கணக்கு, ஆசை, பயம் மூன்றையும் ஒரே முகத்தில் காட்டுகிறார். பையனும் பெண்ணும் எப்போதோ ஒத்துக்கொண்டாகிவிட்டது. படம் முழுக்கக் கேலி செய்வது அப்பாவிடம் கேட்கிற சடங்கைத்தான். அறுபது வருஷம் ஆகியும் சிரிப்பு வருகிறதென்றால், அந்த நாற்காலியில் உட்கார்ந்த அப்பாக்கள் இன்னும் மாறவில்லை என்றுதான் அர்த்தம்.

வள்ளி கதையில் யானையும் இருக்கிறது. பேச்சு பலிக்காதபோது முருகன் அண்ணனைக் கூப்பிடுகிறான். பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, பயந்த வள்ளி கிழவனைக் கட்டிப்பிடித்து, சொன்னபடி கேட்கிறேன் என்கிறாள். மேடையில் இது விளையாட்டு, இரண்டு பேரும் தெய்வம், முற்பிறப்புப் பந்தம் வேறு. அதே யானையைச் சினிமா மனித உருவில் கொண்டுவந்தபோது விளையாட்டு போய்விட்டது. 1999-இல் வந்த பாலாவின் ‘சேது’வில் விக்ரம் அந்தப் பெண்ணை ஆளில்லாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் மிரட்டித்தான் காதலைச் சொல்கிறார். நடிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கடுத்த காட்சிகளில் அவள் மனம் இளகுவதைத்தான் இப்போது பார்க்கும்போது ஏற்க முடியவில்லை. பயத்தில் வந்த பதிலைப் படம் காதலாக எழுதிக்கொள்கிறது.

இதிலும் பழைய வாசனை இல்லாமலில்லை. சங்க காலத்தில் பெண் கிடைக்காதவன் பனை மடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு ஊர் நடுவே ஏறி வருவேன் என்று மிரட்டினான். மடலேறுதல் என்று அதற்குப் பெயர். குறுந்தொகையின் 17-ஆம் பாட்டு அதைத்தான் சொல்கிறது. பனை மட்டையின் ஓரத்துப் பல்லான பனங்கருக்கு எப்படிக் கிழிக்கும் என்று உடன்குடி, சாத்தான்குளம் தேரிக்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவன் குறியும் அந்தப் பெண்ணோடு நிற்கவில்லை. அவள் வீட்டையும் ஊரையும் வெட்கப்பட வைத்துப் பெண் கொடுக்க வைப்பதுதான் நோக்கம். செல்போன் கோபுரத்தில் ஏறி நிற்கிற இந்தக் காலத்து ஆளும் கேட்பது கீழே நிற்கிற கூட்டத்திடம்தான்.

மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் படம். கேட்கிற முறைகள் இரண்டையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒரு பக்கம் கார்த்திக். காப்பி ஓட்டலில் பெண்ணோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவை ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று கூப்பிட்ட அந்தக் காட்சியை மறக்கமுடியுமா? பெரியவர்களை அண்ணாச்சி, மாமா என்று முறை வைத்தே கூப்பிடுகிற ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தபோது திரையரங்கில் எழுந்த சிரிப்பில் பாதி அதிர்ச்சி. அவன் கேட்கவேண்டிய ஆளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான், கேட்கிற முறையைத்தான் தலைகீழாகப் போட்டான். இன்னொரு பக்கம் மோகன். பெண் பார்க்க வருகிறார். வேண்டுமென்றே நேரம் கழித்து வீட்டுக்கு வரும் ரேவதி, தனியே பேசக் கிடைத்த சில நிமிஷத்தில் தன் குறைகளை எல்லாம் தானே சொல்லி, என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்கிற தோரணையில் பேசுகிறார். அவரோ பிடித்திருக்கிறது என்கிறார். மரியாதையாக, அமைதியாக, நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. வீட்டின் சம்மதம் மட்டும் இருந்து பெண்ணின் சம்மதம் இல்லாத கல்யாணம் எப்படி இருக்கும் என்பதுதான் மீதிப் படம்.

தொண்ணூறுகளில் காற்று மாறியது. 1995-இல் இந்தியில் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ வந்து, ஓடிப்போக மாட்டேன், உங்கள் அப்பா கையால்தான் வாங்கிக்கொள்வேன் என்கிற நாயகனைக் கொண்டாட வைத்தது. தமிழில் அந்த இடத்தைப் பிடித்தது 1997-இல் பாசில் எடுத்த ‘காதலுக்கு மரியாதை’. ஓடிப்போன விஜய்யும் ஷாலினியும் பெற்றவர்களை நினைத்து அவரவர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கடைசியில் கேட்பதும் கொடுப்பதும் இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் நடக்கிறது. ஸ்ரீவித்யாவும் லலிதாவும் அந்தச் சில நிமிஷங்களில் செய்ததற்கு முன்னால் காதலர்கள் பேசிய எதுவும் நிற்காது. அப்பாக்களையும் அண்ணன்களையும் தாண்டி வீட்டுப் பெண்கள் முடிவெடுக்கிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானே? திண்ணையில் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். முடிவு அடுப்படியில் ஏற்கெனவே ஆகியிருக்கும்.

அதற்கு முந்தின வருஷம் விக்ரமன் எடுத்த ‘பூவே உனக்காக’ இன்னும் விநோதம். ஒரு காதலால் பகையாகிப்போன இந்துக் குடும்பத்தையும் கிறிஸ்தவக் குடும்பத்தையும் சேர்த்துவைக்க விஜய் மெனக்கெடுகிறார். ஊருக்கு ஊர் அம்மன் கொடையும் தேவாலயத்து அசன விருந்தும் சேர்ந்தே நடக்கிற நம்ம பக்கத்தில் அந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாடெல்லாம் தனக்காக இல்லை. தான் விரும்பிய பெண் அவள் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பதற்காக. அடுத்தவனுக்காகப் பெண் கேட்கிறவன் நாயகன். கடைசியில் இன்னொரு பெண் அவரிடம் தன் விருப்பத்தைச் சொல்லும்போது, உதிர்ந்த பூ மறுபடி ஒட்டாது என்கிற பாணியில் மறுத்துவிட்டுப் போகிறார். சொல்லப்போனால் மறுப்புக்காகவே நினைவில் நிற்கிற படங்களின் பட்டியல் நம்மிடம் நீளம். ‘இதயம்’ (1991) முரளி படம் முழுக்கச் சொல்லவே இல்லை, அதுவே ஓடியது.

சொல்லாமல் விட்டதில் உச்சம் 2018. செப்டம்பர் 28-இல் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபர் 4-இல் ‘96’. ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டிலும் கல்யாணக் கேள்வி கேட்கப்படவே இல்லை. ‘96’-இல் நடக்காததை நடந்ததாக, தாங்கள் எப்படிச் சேர்ந்தோம் என்று நாயகன் ராமின் மாணவிகளிடம் நாயகி ஜானு ஒரு கதையாகச் சொல்கிறாள். ராம் கேட்கவேண்டியதைக் கேட்ட மாதிரி அவளே எழுதிக்கொள்கிறாள். அங்கே கேட்காமல் போனதற்குக் காரணம் கூச்சம், பிரிவு, யாரோ செய்த சின்னக் குளறுபடி.

திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் நடக்கிற மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் காரணம் சாதி. ஆதிக்க சாதிப் பெண்ணான ஜோ தன் அக்கா கல்யாணப் பத்திரிகையை வகுப்பில் ஒடுக்கப்பட்ட சாதி மாணவன் பரியனுக்கு மட்டும் கொடுக்கிறாள். அவள் மனதில் இருப்பதைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது. தன் வீட்டுக்கு, தன் ஆட்களுக்கு நடுவே அவனை அழைக்கிறாள். இத்தனை படங்களாகச் சொல்லிவந்த பாடத்தின்படி பார்த்தால் மிகச் சரியான காரியம்: வீட்டுக்குப் போ, பெரியவர்களைப் பார். அவன் போகிறான். மண்டபத்து அறையில் வைத்து அடித்து, அவன்மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். அவன் எதையும் கேட்கக்கூட இல்லை, அழைத்ததற்காகப் போனான். ‘காதலுக்கு மரியாதை’ ஒரு வீட்டின் வாசலைத் தாண்டினால் எல்லாம் சரியாகும் என்று நம்பியது. அந்த வாசலைத் தாண்டவே முடியாத ஆட்கள் அதே ஊரில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை இந்தப் படம் காட்டியது. கூடச் சிரித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்த நாம் எத்தனை பேர் அதை முன்னே யோசித்திருப்போம் என்று தெரியவில்லை.

அந்தப் படத்தின் முடிவில் ஜோவின் அப்பா வந்து பேசுகிறார். நாளைக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், பார்ப்போம் என்கிற மாதிரிப் பேச்சு. வெளியூர்க்காரர்களுக்கு அது மனமாற்றமாகத் தெரியலாம். நம்ம காதுக்கு அது ‘சொல்லி அனுப்புதோம்’ என்பதன் தங்கச்சி. பரியன் அதற்குக் கோபப்படவும் இல்லை, நெகிழவும் இல்லை. நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை, நான் நாயாகத்தான் இருக்கவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும்வரை எதுவும் மாறாது என்று சொல்லிவிடுகிறான். பெண் கேட்கிற காட்சி வரவேண்டிய இடத்தில், கேள்வியை அவன் பெண்ணின் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

பெண்கள் கேட்கிற காட்சிகள் குறைவு, கேட்டவர்களைப் படங்கள் நடத்திய விதமும் ஒழுங்கில்லை. ‘முந்தானை முடிச்சு’ (1983) ஊர்வசி ஊரைக் கூட்டிக் கைக்குழந்தையைத் தாண்டிப் பொய்ச்சத்தியம் செய்துதான் வாத்தியாரைக் கட்டுகிறார். அதைச் சிரித்து ஏற்றுக்கொண்டோம். ‘படையப்பா’ (1999) நீலாம்பரி தைரியமாகக் கேட்டாள், வில்லியாக்கிவிட்டார்கள். 2020-இல் ‘ஓ மை கடவுளே’யில் ரித்திகா சிங் நண்பனிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று சாதாரணமாகக் கேட்கிறபோதுதான் அது ஒரு பெரிய விஷயமாக இல்லாமல் போனது. தொல்காப்பியமே பெண் மடலேறக் கூடாது என்று எழுதிவைத்த மொழி இது, தாமதம் ஆகத்தான் செய்யும்.

நெல்லையப்பர் கோவிலில் ஆனால் கதை வேறு. ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு முன் காந்திமதியம்மன்தான் தபசுக்குப் போகிறாள். சுவாமி வந்து காட்சி கொடுக்கிறார், நெல்லை கோவிந்தர் அண்ணனாக நின்று தாரை வார்க்கிறார். வேண்டும் என்று முதலில் நினைத்தவள் அவள். கொடுக்க மட்டும் அண்ணன் வேண்டும். வள்ளியின் கதையிலும் கடைசியில் இதுவே. களவாகக் கூட்டிப்போன முருகன், பின்னால் வந்து சண்டையிட்ட மாமனாரோடு சமாதானமாகி, அவர் ஊருக்கே திரும்பி வந்து, நம்பிராசன் கையால் முறைப்படி வாங்கிக்கொள்கிறான். சூரனை வென்றவனே மாமனார் வீட்டு வாசலில் நிற்கவேண்டியிருந்தது என்றால், மாதவன் எம்மாத்திரம்.

இப்போது முழங்கால் போட்டு மோதிரம் நீட்டுகிற காட்சியும் நம்ம பக்கம் வந்துவிட்டது. அந்த மோதிரத்தைக் காதலோடு இறுக்கிக் கட்டியதில் வைர வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு. டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947-இல் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதிய விளம்பர வாசகம் அதை அமெரிக்காவில் ஊன்றியது, சினிமா உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மணப்பாடு கடற்கரையிலும் குற்றாலத்திலும் சாயங்கால வெளிச்சத்தில் பையன் ஒரு காலை மடக்கி உட்கார, பெண் வாயைப் பொத்தி ஆச்சரியப்பட, கேமராக்காரத் தம்பி “அண்ணே, இன்னொரு தடவை” என்பார். பூ வைத்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு எடுக்கிற படம் அது. மோதிரத்தின் அளவை மாமியார் போன மாதமே தட்டானிடம் கொடுத்திருப்பார்.